கிரேசி மோகன்: சபா மேடையிலிருந்து திரை வசனத்துக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்த் திரையில் நகைச்சுவை வசனம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் கிரேசி மோகன். அவரது படங்களைப் பலமுறை பார்த்தவர்களிலும், அவர் கடைசிவரை ஒரு நாடகக்காரராகவே வாழ்ந்தார் என்பதை அறிந்தவர்கள் குறைவு. அவரைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

கிரேசி மோகன் யார்?

மோகன் ரங்காச்சாரி 1952 அக்டோபர் 16 அன்று பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்து, தொழிற்சாலை வேலையில் சேர்ந்து, வேலைக்குப் போய்க்கொண்டே நாடகம் எழுதினார். பின்னர் வேலையை விட்டுவிட்டு எழுத்தையே தொழிலாக்கிக்கொண்டார். 30க்கும் மேற்பட்ட மேடை நாடகங்களையும் ஏறத்தாழ 40 திரைப்படங்களுக்கான வசனங்களையும் எழுதிய அவர், 2019 ஜூன் 10 அன்று சென்னையில் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 66.

'கிரேசி' என்ற அடைமொழி எப்படி வந்தது?

1976இல் எஸ்.வி. சேகரின் 'நாடகப்பிரியா' குழுவுக்காக அவர் எழுதிய முதல் முழுநீள நாடகத்தின் பெயர் 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்'. அந்த நாடகம் பெற்ற வெற்றியால் தலைப்பின் முதல் சொல் எழுதியவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எழுத்தாளர்கள் தமக்குத் தாமே புனைபெயர் வைத்துக்கொள்வது நம்மூர் வழக்கம். இவருக்கோ பார்வையாளர்கள் வைத்தார்கள். 1979இல் சொந்தமாக ஒரு குழுவைத் தொடங்கியபோது, ஒட்டிய பெயரை உதறாமல் 'கிரேசி கிரியேஷன்ஸ்' என்றே அதற்கும் பெயரிட்டார்.

பொறியியல் படித்தவர் நாடகத்துக்கு வந்தது எப்படி?

சிறு வயதில் பள்ளி மேடையில் ஏற்றிவிட்ட ஓர் ஆசிரியையின் ஊக்கத்தை அவர் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். கல்லூரி நாட்களில், 1972இல், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றுக்காக 'கிரேட் பேங்க் ராபரி' என்ற சிறு நாடகத்தை எழுதி நடித்து, சிறந்த எழுத்தாளர், சிறந்த நடிகர் ஆகிய இரண்டு பரிசுகளையும் பெற்றார். பரிசுகளை வழங்கியவர், அப்போது இளைஞராக இருந்த கமல்ஹாசன். இருவரும் திரையில் பெரிய அளவில் இணைந்து பணியாற்ற அதற்குப் பிறகு 17 ஆண்டுகள் ஆயின.

சென்னையின் அந்தக் கால நாடகக் குழுக்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவர்களால் ஆனவைதாம். வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, மாலையில் ஒத்திகைக்கு ஓடி வருபவர்கள் அவர்கள். கே. பாலசந்தரும் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர்தாம். வயிற்றுக்கு வேறு வழி இருந்ததால், நாடகத்தை மனத்துக்குப் பிடித்தபடி எழுதும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது.

'சபா நாடகம்' என்கிறார்களே, அது என்ன?

சென்னையில் சபாக்கள் உறுப்பினர்களிடம் சந்தா வாங்கிக்கொண்டு, கச்சேரி, நடனம், நாடகம் ஆகியவற்றை அவர்களுக்கு வழங்கும் அமைப்புகள். நாடகக் குழு ஒரு நாடகத்தைத் தயார் செய்துவிட்டால், சபா சபாவாகச் சென்று அதை நடத்தும். அரங்கில் பெரும்பாலும் ஒரே ஒரு வீட்டுக் கூடம்தான். ஒரு சோபா, ஒரு தொலைபேசி, உள்ளறைக்குப் போக ஒரு வாசல், தெருவுக்குப் போக ஒரு வாசல். வந்து அமர்பவர்கள் மாலை வேலை முடிந்து குடும்பத்தோடு வந்த நடுத்தர வர்க்கத்தினர். அவர்களுக்கு இரண்டு மணி நேரம் சிரிக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடுகள் மோகனின் எழுத்தை வடித்தன என்பது என் கணிப்பு. அரங்கத்தை மாற்ற முடியாது. சண்டைக் காட்சி வைக்க முடியாது. ஒளியிலும் ஒலியிலும் வித்தை காட்டப் பணம் இல்லை. மீதி இருப்பது பேச்சு ஒன்றுதான். ஆகவே ஒரு வாசல் வழியாக ஒருவரை வெளியே அனுப்பி, மறு வாசல் வழியாக அவரைச் சந்திக்கவே கூடாத இன்னொருவரை உள்ளே வரவழைத்து, நடுவில் மாட்டிக்கொண்டவரைப் பொய் சொல்ல வைப்பது அவரது அடிப்படை இயந்திரமாக அமைந்தது. இயந்திரப் பொறியியல் படித்தவர் என்பதால் இந்தச் சொல்லைக் கூசாமல் பயன்படுத்துகிறேன். எந்தப் பல்சக்கரம் எதை எப்போது கடிக்கும் என்று கணக்குப் போட்டு எழுதியவர் அவர்.

மாது, ஜானகி என்ற பெயர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன?

கிரேசி கிரியேஷன்ஸ் நாடகங்களின் நாயகன் மாது; அந்த வேடத்தை ஏற்றவர் மோகனின் தம்பி பாலாஜி. ஆண்டுக்கணக்கில் அதே பாத்திரமாக நின்றதால் அவர் பெயரே மாது பாலாஜி ஆயிற்று. நாடகங்களை இயக்கியவர் எஸ்.பி. காந்தன். எழுதுபவர், இயக்குபவர், நடிப்பவர் மூவரும் ஒரே வீட்டு மனிதர்களைப் போல இயங்கியதால், காகிதத்தில் பாதி எழுதினாலே மீதி மேடையில் நிகழ்ந்துவிடும் வசதி மோகனுக்கு இருந்தது.

நாயகிக்குப் பெரும்பாலும் ஜானகி என்று பெயர். தம்மை மேடையேற்றிய அந்தப் பள்ளி ஆசிரியைக்குச் செலுத்தும் நன்றியாகவே அவர் இந்தப் பெயரை வைத்தார். திரைப்படங்களிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. 'அவ்வை சண்முகி'யில் மீனா, 'தெனாலி'யில் ஜோதிகா, 'பம்மல் கே. சம்பந்த'த்தில் சிம்ரன், 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.'இல் சினேகா என எல்லாரும் ஜானகிகளே. பல கோடி ரூபாய் முதலீட்டில் உருவாகும் படங்களில் ஒரு பள்ளி ஆசிரியையின் பெயரை மீண்டும் மீண்டும் நுழைத்துவிடுவது சாதாரணக் காரியம் அல்ல.

திரைத்துறைக்குள் எப்போது நுழைந்தார்?

1983இல். அவரது 'மேரேஜ் மேட் இன் சலூன்' என்ற நாடகத்தை கே. பாலசந்தர் 'பொய்க்கால் குதிரை' என்ற பெயரில் படமாக்கினார்; கவிஞர் வாலி முக்கிய வேடத்தில் நடித்த படம் அது. 'சர்வர் சுந்தரம்', 'மேஜர் சந்திரகாந்த்' போன்ற நாடகங்களால் பெயர் பெற்றுத் திரைக்குப் போன ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டே இன்னொரு நாடகக்காரர் திரைக்குள் நுழைந்தார் என்பது பொருத்தமான ஒன்றுதான். ஆயினும் அந்தப் படத்தோடு அவரது திரைவாழ்க்கை வேகம் பிடித்துவிடவில்லை. உண்மையான திருப்பம் 1989 வரை காத்திருந்தது.

கமல்ஹாசனோடு எந்தெந்தப் படங்களில் பணியாற்றினார்?

'அபூர்வ சகோதரர்கள்' (1989), 'மைக்கேல் மதன காமராஜன்' (1990), 'மகளிர் மட்டும்' (1994), 'சதி லீலாவதி' (1995), 'அவ்வை சண்முகி' (1996), 'காதலா காதலா' (1998), 'தெனாலி' (2000), 'பம்மல் கே. சம்பந்தம்' (2002), 'பஞ்சதந்திரம்' (2002), 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' (2004) ஆகியவை முதன்மையானவை. இயக்குநர்களோ மாறிக்கொண்டே இருந்தார்கள். சிங்கீதம் சீனிவாசராவ், பாலுமகேந்திரா, கே.எஸ். ரவிக்குமார், மௌலி, சரண் எனப் பல கைகள். எழுதியவரும் கமலும் மட்டும் மாறாததால், இந்தப் படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஒரே நாடகக் குழு வெவ்வேறு அரங்கங்களில் நடிப்பதைப் போன்ற உணர்வு தோன்றுகிறது.

'அபூர்வ சகோதரர்க'ளில் அவர் செய்த வேலை தனியாகக் கவனிக்கத் தக்கது. அந்தக் கதை ஒரு பழிவாங்கும் கதை. தந்தையைக் கொன்றவர்களைக் குள்ளமான மகன் ஒருவன் ஒவ்வொருவராகக் கொல்கிறான். எழுத்தில் கவனம் தவறியிருந்தால் இருண்டு கனத்திருக்கும். கொலைகளைத் துப்பறிய வரும் இன்ஸ்பெக்டராக ஜனகராஜையும், அவர் எதைச் சொன்னாலும் வியந்து பாராட்டும் கான்ஸ்டபிளாக ஆர்.எஸ். சிவாஜியையும் நிறுத்தியபோது, படத்துக்குள் ஒரு சபா நாடகம் குடியேறியது. இன்ஸ்பெக்டர் கிடைத்த தடயங்களை மிகுந்த தர்க்கத்தோடு அடுக்கி, மிகத் தவறான முடிவுக்கு வருகிறார், கான்ஸ்டபிள் மெய்சிலிர்க்கிறார். உண்மையைப் பார்வையாளர் முன்பே அறிந்திருப்பதால், இன்ஸ்பெக்டரின் ஒவ்வொரு தர்க்கப் படியும் ஒரு சிரிப்பாகிறது.

அவர் எழுதியது திரைக்கதையா, வசனமா?

பெரும்பாலும் வசனம். கமல்ஹாசனுடன் செய்த படங்கள் பலவற்றில் திரைக்கதைக்கான பெயர் கமலுக்கே உரியது. 'அபூர்வ சகோதரர்க'ளின் கதை பஞ்சு அருணாசலத்தினுடையது. 'வசூல்ராஜா' ஓர் இந்திப் படத்தின் மறுவாக்கம். ஆகவே அவரைத் 'திரைக்கதை ஆசிரியர்' என்று பொதுவாகச் சொல்வதைவிட 'வசனகர்த்தா' என்று சொல்வதே துல்லியம்.

ஆனால் இதைக் குறைவாகக் கருத வேண்டியதில்லை. ஒரு நகைச்சுவைக் காட்சியில் திரைக்கதை எங்கே முடிகிறது, வசனம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கடினம். "இரண்டு பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்" என்று திரைக்கதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். எந்தச் சொல்லால் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், எத்தனை வரி வரைக்கும் அந்தத் தவறு உடையாமல் நீள்கிறது, யார் வந்து அதைப் பெரிதாக்குகிறார்கள் என்பதையெல்லாம் முடிவு செய்பவர் வசனம் எழுதுபவரே.

அவரது நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

'மைக்கேல் மதன காமராஜ'னில் வரும் கல்யாணச் சமையலை எடுத்துக்கொள்ளலாம். ஆசாரமான குடும்பத்தின் திருமணத்துக்குச் சமைக்க வந்திருக்கிறார் பாலக்காட்டுத் தமிழ் பேசும் காமேஸ்வரன். சாம்பாருக்குள் மீன் விழுந்துவிடுகிறது. இது வரை நடந்தது ஒரு விபத்து. சிரிக்க இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதன் பிறகு நேர்வதுதான் மோகன்.

விஷயம் தெரிந்தவர்கள் அதை வெளியே சொல்ல முடியாது. பரிமாறாமல் இருக்கவும் முடியாது, பந்தி காத்திருக்கிறது. எனவே ஒவ்வொரு வரியையும் இரண்டு காதுகளுக்காகப் பேச வேண்டியதாகிறது. அருகில் இருக்கும் கூட்டாளிக்கு உண்மை புரிய வேண்டும். எதிரில் இருக்கும் விருந்தினருக்குப் புரியவே கூடாது. பயந்தவன் பேச்சு எப்போதும் சாதாரணப் பேச்சைவிடச் சற்றே அதிகக் கவனத்தோடு இருக்கும். அந்த அதிகக் கவனம்தான் அவனைக் காட்டிக்கொடுக்கும். மோகன் ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதைக் காப்பாற்ற மூன்றாவது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ஒரு கட்டத்தில் பார்வையாளர் சிரிப்பது வசனத்தைக் கேட்டு அன்று. அடுத்த பொய் எங்கிருந்து வரப்போகிறது என்ற பதற்றத்தில்.

'அவ்வை சண்முகி' இதே உத்தியை இன்னும் ஒரு சுற்று முறுக்குகிறது. தன் குழந்தையின் அருகில் இருக்க விரும்பும் ஒருவன் மாமி வேடம் போட்டு ஒரு பிராமண வீட்டுக்குள் நுழைகிறான். அதே வீட்டுக்குள், நாசர் ஏற்ற பாஷா என்ற இஸ்லாமியர் வாய் பேச முடியாத பிராமணச் சமையல்காரராக நடித்துக்கொண்டிருக்கிறார். ஒரே அடுக்களையில் இரண்டு வேடதாரிகள். ஒருவர் குரலை மாற்றிக்கொண்டே பேச வேண்டும், மற்றவர் பேசவே கூடாது. இந்த ஏற்பாட்டை அமைத்த பிறகு எழுதுபவர் அதிகம் உழைக்க வேண்டியதில்லை என்று தோன்றும். உண்மையில் இங்கேதான் உழைப்பு அதிகம். எந்த நிமிடத்தில் யாருக்கு எவ்வளவு தெரியும் என்ற கணக்கு ஓர் இடத்தில் பிசகினாலும் முழுக் காட்சியும் சரிந்துவிடும்.

வசனமே இல்லாத இடத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. 'மகளிர் மட்டும்' படத்தில் நாகேஷ் ஏற்றது ஒரு பிணத்தின் வேடம். தவறுதலாக மருத்துவமனையிலிருந்து தூக்கிவந்த அந்த உடலோடு பெண்கள் படும் பாட்டில், பேச வாயில்லாத பாத்திரத்தைச் சுற்றிலும் மற்றவர்கள் பதறிப் பதறிப் பேசுகிறார்கள். நாகேஷின் உடல்மொழிக்குக் கிடைக்கும் பாராட்டு நியாயமானது. பிணத்துக்கு இடம் விட்டு மற்றவர்களின் பேச்சை வெட்டி அமைத்த கையையும் நினைக்க வேண்டும்.

மேடைக்கு எழுதுவதற்கும் திரைக்கு எழுதுவதற்கும் அவர் எழுத்தில் என்ன வேறுபாடு?

சபா மேடையில் நடிகர் ஒரு சிரிப்பு வசனத்தைச் சொன்னதும் அரங்கம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும் தறுவாயில் அடுத்த வசனத்தைத் தொடங்க வேண்டும். முன்னதாகத் தொடங்கினால் வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும். முழுவதும் அடங்கும் வரை காத்திருந்தால் அரங்கம் ஆறிப்போகும். தொழிலில் இதை 'டைமிங்' என்கிறார்கள். நடிகர் ஒவ்வொரு நாளும் அன்றைய கூட்டத்தைப் பார்த்து இதைச் சரிசெய்துகொள்ளலாம். எழுதியவரும் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, சிரிப்பு வராத வரியை மறுநாள் வெட்டிவிடலாம்.

திரைப்படம் அப்படி யாருக்காகவும் காத்திருக்காது. பெட்டிக்குள் போன வசனம் போனதுதான். சிரிப்புக்காக இடைவெளி விட்டுப் படமாக்கினால், ஆளில்லாத அரங்கில் அந்த இடைவெளி பல்லை இளிக்கும். மோகன் இதற்குக் கண்ட வழி, இடைவெளியே விடாமல் எழுதுவது. முதல் வரிக்குச் சிரித்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டாவது வரி காதில் விழாமல் போகட்டும். மூன்றாவது வரி விழுந்தால் போதும். தவறவிட்ட வரிகளுக்காக அவர் மறுபடி பார்ப்பார். இந்தப் படங்களைத் தொலைக்காட்சியில் பத்தாவது முறை பார்க்கும்போதும் புதிதாக ஒரு சொல் காதில் விழுகிறதே, அதற்குக் காரணம் இந்த அடர்த்திதான். கூட்டம் சிரிக்கும் திரையரங்கில் பாதியும், அமைதியான வீட்டுக் கூடத்தில் மீதியுமாகக் கேட்கப்பட வேண்டிய வசனங்கள் அவை.

இன்னொரு வேறுபாடு முகம். மேடையில் கடைசி வரிசைக்காரருக்கு நடிகரின் கண் தெரியாது. எனவே எல்லாவற்றையும் வாயால் சொல்லியாக வேண்டும். கேமரா அருகில் வந்துவிட்ட பிறகும் மோகன் வாயால் சொல்வதை முழுமையாகக் கைவிடவில்லை. இது சிலருக்குக் குறையாகப் படலாம்.

வட்டார வழக்குகளை அவர் எப்படிக் கையாண்டார்?

சபா நாடகத்தின் மொழி பெரும்பாலும் மயிலாப்பூர், மாம்பலம் பக்கத்து வீட்டுப் பேச்சு. திரைக்கு வந்தபின் அவரது எல்லை விரிந்தது. 'சதி லீலாவதி'யில் கமல்ஹாசனும் கோவை சரளாவும் பேசும் கொங்குத் தமிழ், 'தெனாலி'யில் கமல் பேசும் ஈழத் தமிழ், 'வசூல்ராஜா'வின் சென்னைத் தமிழ் ஆகியவை அவர் வளர்ந்த வீட்டுப் பேச்சு அல்ல. நடிகர்களின் காதும் பங்களிப்பும் இதில் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் வழக்கு மாறும்போது சிலேடையும் மாற வேண்டும். ஒரு வட்டாரத்தில் இரட்டைப் பொருள் தரும் சொல் இன்னொரு வட்டாரத்தில் ஒற்றைப் பொருளோடு நின்றுவிடும். 'தெனாலி'யில் தன் அச்சங்களையெல்லாம் நாயகன் ஒரே மூச்சில் அடுக்கும் பட்டியல் வெறும் பட்டியலாக இருந்தும் சிரிக்க வைப்பதற்கு, அந்த ஈழத் தமிழின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பச் சொற்கள் அமைந்ததே காரணம்.

அவரது வசனங்கள் பிற மொழிகளில் அதே அளவு எடுபட்டனவா?

கதைகள் பயணித்தன, வசனங்கள் முழுதும் பயணிக்கவில்லை. 'அவ்வை சண்முகி' இந்தியில் 'சாச்சி 420' என்று 1997இல் வந்தபோது அதற்கு வசனம் எழுதியவர் குல்சார். அதாவது வேறொரு மொழியின் நகைச்சுவை வேறொரு கையால் புதிதாக எழுதப்பட்டது. அதுவே சரியான வழி. சொல்லின் ஒலியில் பிறக்கும் சிரிப்பைப் பெயர்த்து நட முடியாது. எதிர்த்திசையில் மோகனும் இதையே செய்தார். 'வசூல்ராஜா'வில் இந்தி மூலத்தின் சொற்களைப் பின்தொடராமல் 'கட்டிப்பிடி வைத்தியம்' என்று தமிழில் புழங்கத் தொடங்கிய ஒரு தொடர் கிடைத்தது. எஸ்.எஸ். ராஜமௌலியின் 'நான் ஈ' (2012) தமிழ் வடிவத்துக்கும் அவர்தாம் வசனம். நாயகன் ஈயாகிப் பேச்சிழந்துவிடும் ஒரு படத்துக்கு, பேச்சையே நம்பி வாழ்ந்தவரை அழைத்திருக்கிறார்கள் என்பது ஒரு சுவையான முரண்.

அவருக்கு முன்பும் நாடகத்திலிருந்து திரைக்குப் போனவர்கள் உண்டல்லவா?

தமிழ் சினிமாவே நாடகத்தின் மடியில் வளர்ந்ததுதான். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' 1954இல் மு. கருணாநிதியின் வசனத்தோடு படமாயிற்று. அண்ணாவின் 'வேலைக்காரி' மேடையிலிருந்து 1949இல் திரைக்கு வந்தது. பிறகு ஸ்ரீதர், பாலசந்தர், சோ, வியட்நாம் வீடு சுந்தரம், மௌலி, விசு என்று வரிசை நீள்கிறது.

இவர்களில் பலர் திரைக்குப் போனதும் இயக்குநர் நாற்காலியை நோக்கி நகர்ந்தார்கள். மேடை அவர்களுக்குப் படிக்கட்டாக அமைந்தது. மோகன் நகரவில்லை. படம் இயக்காமல், தமக்கென ஒரு நட்சத்திர பிம்பத்தை உருவாக்கிக்கொள்ளாமல், படங்கள் வெற்றிபெற்றுக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் சபாக்களுக்காகப் புதிய நாடகங்களை எழுதிக்கொண்டிருந்தார். 'அலாவுதீனும் 100 வாட்ஸ் பல்பும்', 'மீசை ஆனாலும் மனைவி', 'ஜுராசிக் பேபி', 'சாக்லேட் கிருஷ்ணா', 'கூகுள் கடோத்கஜன்' ஆகிய தலைப்புகளைப் பார்த்தாலே அவர் காலத்தோடு ஓடிக்கொண்டிருந்தது தெரியும். நூற்றுக்கணக்கான முறை மேடையேறிய 'சாக்லேட் கிருஷ்ணா'வில் கிருஷ்ணர் வேடத்தை மோகனே ஏற்றார்.

நாடக முன்னோடிகள் அவரது படங்களுக்குள்ளும் நடமாடுகிறார்கள். 'பம்மல் கே. சம்பந்தம்' என்ற தலைப்பு யாரை நினைவூட்டுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. 'அவ்வை சண்முகி'யிலோ, உன் பெயர் என்ன என்று கேட்கும்போது திணறும் மாமிக்கு 'அவ்வை சண்முகம் சாலை' என்ற தெருப் பலகை கைகொடுக்கிறது. மேடையில் அவ்வையாராக நடித்துப் பெயர் பெற்ற டி.கே. சண்முகத்தின் நினைவாகச் சூட்டப்பட்ட சாலை அது. கமல்ஹாசனோ இளமையில் அவரது குழுவில் பயின்றவர். பெண் வேடமிட்ட ஓர் ஆணுக்கு, பெண் வேடத்தால் புகழ்பெற்ற ஓர் ஆணின் பெயர். விளக்கம் தெரியாதவர்க்கும் சிரிப்பு வரும். தெரிந்தவர்க்கு ஒரு வணக்கமும் புலப்படும்.

அவரது எழுத்தின் மீது வைக்கப்படும் விமர்சனங்கள் யாவை?

நாடகங்களில் கதை மெலிந்திருக்கிறது, சிரிப்பு வரிகளைத் தொங்கவிடும் கொடியாக மட்டுமே அது இருக்கிறது என்பது ஒன்று. இதில் உண்மை உண்டு. அரங்கை விட்டு வெளியே வந்தபின் கதையைச் சொல்லச் சொன்னால் பலர் தடுமாறுவார்கள். சிரித்தது மட்டும் நினைவிருக்கும். நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடத்தைத் தாண்டாதவை, சமூகக் கேள்விகளைத் தொடாதவை என்பது மற்றொன்று. சோவைப் போல அரசியலை மேடையேற்றும் நோக்கம் மோகனுக்கு என்றும் இருந்ததில்லை. அதற்காக அவரைக் குற்றம் சொல்வது, தோசை கேட்டு வந்த இடத்தில் பிரியாணி இல்லை என்பதைப் போன்றது.

எனக்குக் கூடுதல் நியாயமாகத் தோன்றும் விமர்சனம் வேறு. கணவன் பொய் சொல்வதும் மனைவி சந்தேகப்படுவதுமான சூத்திரத்தை அவர் அளவுக்கு மீறி நம்பினார். 'பஞ்சதந்திரம்' அந்தச் சூத்திரத்தின் உச்சம். ஐந்து நண்பர்கள், ஐவரின் வீட்டிலும் பொய். ஆண்கள் மாட்டிக்கொள்ளும் விதங்களில் காட்டிய கற்பனையில் பாதியைக்கூட, அந்த மனைவிமார்களுக்குச் சொந்தமாக ஒரு வேடிக்கை தருவதில் அவர் காட்டவில்லை. 'மகளிர் மட்டு'மும் 'சதி லீலாவதி'யில் கோவை சரளாவின் பழனியம்மாளும் இதற்கு விலக்குகள். பழனியம்மாளின் முன்னால் மற்றவர்களே வாயடைத்து நிற்கிறார்கள்.

அவர் திரையில் நடித்திருக்கிறாரா?

சிறு வேடங்களில் அவ்வப்போது தோன்றினார். 'வசூல்ராஜா'வில் மருத்துவர் மார்க்கபந்துவாக வருவது பலருக்கு நினைவிருக்கும்.

நகைச்சுவை தவிர வேறு என்ன எழுதினார்?

வெண்பா. படங்களை மட்டும் அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். இலக்கணக் கட்டுக்கோப்பு மிகுந்த அந்தப் பாவகையில் அவர் சளைக்காமல் எழுதினார். ரமண மகரிஷியின் மீது கொண்ட பக்தியால் 'ரமணாயன'த்தை வெண்பாக்களில் இயற்றினார். ஓவியமும் வரைந்தார். யோசித்துப் பார்த்தால் வெண்பாவும் சிரிப்பு வசனமும் அவ்வளவு தூரத்து உறவு இல்லை. நான்காம் அடியின் ஈற்றுச் சீர் எங்கே விழ வேண்டும் என்று தெரிந்துகொண்டே முதல் அடியைத் தொடங்க வேண்டும். சீர்களை இணைக்கும் தளை தட்டினால் பாட்டு கெடும். கடைசிச் சொல்லில் வெடிக்க வேண்டிய ஒரு நகைச்சுவை வரிக்கும் அதே விதிதான்.

விருதுகள்?

தமிழக அரசின் கலைமாமணி விருது பெற்றவர்.

புதிதாக அறிமுகமாகும் ஒருவர் எதிலிருந்து தொடங்கலாம்?

'மைக்கேல் மதன காமராஜ'னிலிருந்து. நான்கு வேடங்களையும் கமல்ஹாசன் ஒருவரே ஏற்ற அந்தப் படத்தில் திருடன், தொழிலதிபர், சமையல்காரர், தீயணைப்பு வீரர் ஆகிய ஒவ்வொருவருக்கும் பேச்சு வேறு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுவது என்று சொல்லிவிடலாம். வசனம் எழுதக் கற்பவர்கள் ஒருமுறை உண்மையிலேயே அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்ப்பது நல்லது. அடுத்து 'அவ்வை சண்முகி', பிறகு 'பஞ்சதந்திரம்'. நாடகத்தைப் பொறுத்தவரை பதிவுகளைவிட, வாய்ப்புக் கிடைத்தால் அரங்கில் உட்கார்ந்து பார்ப்பதே முறை. பக்கத்து இருக்கைக்காரரின் சிரிப்பும் அந்த நாடகங்களில் ஒரு பாத்திரம். பதிவில் அது வருவதில்லை.

அவர் மறைவுக்குப் பிறகு நாடகங்கள் நடக்கின்றனவா?

அவர் இறந்த 2019 ஜூன் 10 அன்றே, பெங்களூரில் கன்னட நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாடும் காலமானார். தொன்மத்தையும் வரலாற்றையும் மேடையில் விசாரணைக்கு நிறுத்தியவர் அவர். சோபாவும் தொலைபேசியும் கொண்ட ஒரு கூடத்தைவிட்டு வெளியே வராதவர் இவர். இருவரும் மேடையிலிருந்து திரைக்குப் போனவர்கள், ஒரே நாளில் போய்விட்டார்கள்.

கிரேசி கிரியேஷன்ஸ் நின்றுவிடவில்லை. மாது பாலாஜியும் குழுவினரும் அவர் எழுதிய நாடகங்களைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். எழுதியவர் இல்லாததால் வரிகளை இனி மாற்றிக்கொடுக்க ஆளில்லை. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்பது மட்டும் நடிப்பவர்களுக்குப் பழைய கணக்கின்படி தெரிந்திருக்கிறது.